தரங்கம்பாடிக்கு மறுபடி ரயில்: பணத்தை யாரிடம் கேட்பது?

மயிலாடுதுறைப் பக்கம் இரண்டு பேர் ரயிலைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் தரங்கம்பாடியில்தான் போய் முடியும். 1926-இல் போட்ட பாதை, சுமார் 30 கி.மீ., மீட்டர்கேஜ். மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று ஊர் ஊராக நின்று போன வண்டி. 1980களின் நடுவில் நிறுத்தினார்கள், அப்புறம் தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வருஷம் பிறந்த பிள்ளைகளுக்கே இப்போது காதோரம் நரைத்துவிட்டது.

ரயில் திரும்ப வேண்டும் என்பதில் ஊரில் யாருக்கும் சண்டை இல்லை. மனு எழுத உட்காரும்போதுதான் சண்டை. ரயில்வேதான் மொத்தச் செலவையும் ஏற்க வேண்டும் என்பார் ஒருவர். மாநில அரசு பாதி போட்டால்தான் வேகமாக நடக்கும், கர்நாடகாவைப் பாருங்கள் என்பார் அடுத்தவர். காரைக்கால் துறைமுகத்தைக் கூட்டுச் சேர்க்கலாமே என்று ஒரு குரல், யாழ்ப்பாணத்துக்குக் கடன் வாங்கித்தானே போட்டார்கள் என்று இன்னொரு குரல். கடைசியில், இவ்வளவு நேரம் டீ குடித்துக்கொண்டிருந்தவர் மெல்லச் சொல்வார்: "பஸ் போதாதா?"

ஐந்துமே நியாயமான கேள்விகள். ஐந்துக்கும் எங்காவது ஒரு பாதை சாட்சியாக இருக்கிறது. அவற்றை வைத்தே எடை போடலாம். தரங்கம்பாடியை நான் உரைகல்லாக எடுத்துக்கொள்கிறேன், உங்கள் ஊர்ப் பாதை வேறாக இருந்தால் ஊர்ப்பெயரை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள், கணக்கு பெரிதாக மாறாது.

## எதை வைத்து எடை போடுவது

திறப்பு விழாவுக்கு மறுநாள் யார் செலவு செய்வது? இதை நான் முதலில் வைக்கிறேன், பலர் கடைசியில்கூட வைப்பதில்லை. பாதை போடுவது ஒரு தடவைச் செலவு. கேட் கீப்பர், ஸ்டேஷன் மாஸ்டர், தண்டவாளப் பராமரிப்பு, டிரைவர், கார்டு, வண்டி, டீசலோ மின்சாரமோ, இதெல்லாம் தினச் செலவு. இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெல்டாவை விட்டு வெளியே போகவே வேண்டாம், திருவாரூர்–காரைக்குடி பாதையைப் பார்த்தால் போதும். அகலப்பாதைகளில் ஆளில்லா லெவல் கிராஸிங்கே இருக்கக் கூடாது என்று 2019 ஜனவரிக்குள் நாடு முழுக்க ஒழித்துவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் அதற்குப் பிறகு திறக்கிற எந்தப் பாதையிலும் ஒவ்வொரு கேட்டுக்கும் ஆள் வேண்டும், இல்லாவிட்டால் சுரங்கப்பாதை வேண்டும். அதே வருஷம் ஜூனில் அந்த 149 கி.மீ. பாதையில் பயணிகள் ரயில் விட்டார்கள், கேட்டுகளுக்கு ஆள் போடாமல். வண்டியிலேயே கேட் கீப்பர்கள் ஏறி வருவார்கள். கேட் வந்ததும் வண்டி நிற்கும், ஒருவர் இறங்கிப் போய்க் கேட்டைச் சாத்துவார், வண்டி கேட்டைத் தாண்டி மறுபடி நிற்கும், இன்னொருவர் கேட்டைத் திறந்துவிட்டு வந்து ஏறிக்கொள்வார், அப்புறம் அடுத்த கேட். இப்படியே ஆறு மணி நேரத்துக்கு மேல். பஸ்ஸில் கிளம்பியவர் ஊர் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிடலாம். கோடிக்கணக்கில் கொட்டிய பாதை, கேட்டுச் சம்பளத்தில் வந்து நொண்டியது. பிறகு ஆள் போட்டார்கள், சரியானது. ஆனால் முதல் வருஷத்தில் விலகிப்போன பயணி திரும்பி வர நாளாகும்.

பாதை எங்கே போய் முடிகிறது? முட்டுச்சந்தாக முடிகிற கிளைப்பாதைகளில் சில பிழைக்கின்றன, சில பெயருக்கு ஓடுகின்றன. நீடாமங்கலம்–மன்னார்குடி வெறும் 14 கி.மீ. அதுவும் பல வருஷம் மூடிக் கிடந்து 2011-இல் திரும்பியதுதான். ஆனால் மன்னார்குடி சென்னை வண்டியும் கோவை வண்டியும் கிளம்புகிற ஊராக மாறியது, அதனால் அந்த 14 கி.மீ. உயிரோடு இருக்கிறது. அங்கேயும் இங்கேயும் போய்வரும் ஷட்டில் மட்டும் விட்டிருந்தால் கதை வேறு. இதைப் பணக் கணக்காகப் பார்த்தால் விஷயம் எளிது: சாதாரண வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் பத்து ரூபாய், அதை வைத்து கேட் கீப்பர் சம்பளம்கூடக் கொடுக்க முடியாது. சென்னைக்குப் படுக்கை வசதி டிக்கெட் விற்றால்தான் அந்தக் கிளைக்கு வருமானம் என்று ஒன்று எழுத முடியும்.

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிலம் யார் கையில் இருக்கிறது. பணம் நடுவில் வறண்டால் வேலை எந்த நிலையில் நிற்கும். பாதை போடுகிறவருக்குப் பயணி முக்கியமா, சரக்கு முக்கியமா.

## தோராயமாக எவ்வளவு ஆகும்

கைக்கெட்டும் தூரத்தில் உள்ள உதாரணம் திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி. 37 கி.மீ., 294 கோடி ரூபாய், 2023 ஏப்ரலில் திறந்தது. கிலோமீட்டருக்கு எட்டுக் கோடி வருகிறது. மதுரை–தேனி 75 கி.மீ.க்கு 500 கோடிக்கு மேல் என்று கணக்குக் காட்டினார்கள், அது ஏழுக்குக் கொஞ்சம் குறைவு. எட்டுக் கோடியை முப்பதால் பெருக்கினால் 240 கோடி. ஆனால் அதை மனுவில் எழுதிவிடாதீர்கள். அகஸ்தியம்பள்ளியிலும் தேனியிலும் நடந்தது இருந்த மீட்டர்கேஜ் பாதையை அகலமாக்கும் வேலை. தரங்கம்பாடியில் பாதையே கிடையாது. வீரசோழன், மஞ்சளாறு, மகிமலையாறு என்று ஆறுகள், நடுவில் எண்ண முடியாத வாய்க்கால்கள், ஒவ்வொன்றுக்கும் பாலமோ குழாயோ வேண்டும், அதன் வழியே வெள்ள நீர் வடியுமா என்று நீர்வளத்துறைக்குக் கணக்குக் காட்ட வேண்டும். விலைவாசியும் 2023-இல் நிற்கவில்லை.

## வழி 1: முழுக்க ரயில்வே பணம்

நம் ஊரில் பெரும்பாலும் இப்படித்தான். சர்வே, இறுதி இட ஆய்வு, டிபிஆர் என்கிற விரிவான திட்ட அறிக்கை, ஒப்புதல், அப்புறம் பட்ஜெட் சமயத்தில் வெளிவரும் பிங்க் புக்கில் நம் பாதையின் பெயரும் தொகையும்.

இதன் நல்ல பக்கம், பாதை போடுபவரே வண்டியையும் ஓட்டுவார், சொத்தும் அவருடையது, நஷ்டமும் அவருடையது. பராமரிப்பை யார் தலையில் கட்டுவது என்று பின்னால் பேச்சே வராது.

மறைந்திருக்கும் விலை, காலம். மதுரையிலிருந்து தேனி வழியாகப் போகும் போடி பாதையை 2010 கடைசியில் மூடினார்கள். தேனி வரை வண்டி வந்தது 2022 மே, போடி வரை 2023 ஜூன். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல். ஆண்டிபட்டிக் கணவாய் இருக்கிறது, பாறை இருக்கிறது, எல்லாம் சரி, ஆனாலும் 90 கி.மீ.க்குப் பன்னிரண்டு வருஷம் என்பது பாறையால் மட்டும் வந்ததல்ல, வருஷா வருஷம் சொட்டுச் சொட்டாக வந்த பணத்தால் வந்தது. (இந்தப் போடி பாதைக்கு இது இரண்டாவது மறுபிறவி. 1928-இல் வந்தது, இரண்டாம் உலகப் போரின்போது பிடுங்கிக்கொண்டு போனார்கள், 1950களில் மறுபடி போட்டார்கள். ஏலக்காய் ஊர்க்காரர்களின் பொறுமைக்கு ஒரு கும்பிடு.) பிங்க் புக்கில் பெயர் வந்துவிட்டது என்று இனிப்புக் கொடுக்கும் முன் தொகையையும் பாருங்கள். தமிழ்நாட்டின் புதுப்பாதைத் திட்டங்கள் பலவற்றுக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கிய ஆண்டுகள் உண்டு. ஆயிரம் கோடி இல்லை, ஆயிரம் ரூபாய். திட்டம் செத்துவிடவில்லை என்று காட்ட மட்டும்.

இன்னொரு தடை, லாப விகிதம். போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 14 சதவீதம் திரும்ப வந்தால்தான் புதுப்பாதை லாபகரமானது என்ற அளவுகோல் ரயில்வேயில் நெடுங்காலம் இருந்தது. டெல்டாவில் பயணிகளை மட்டும் நம்பும் எந்தக் கிளைப்பாதையும் அதைத் தாண்டாது. 'சமூகத் தேவை' என்ற வாசல் வழியாகத்தான் உள்ளே போக முடியும், அந்த வாசலைத் திறப்பது அரசியல்.

அடிக்கல்லையும் நம்ப வேண்டாம். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடி பாதைக்கு, ராமேஸ்வரத்திலிருந்து 17 கி.மீ., 2019 மார்ச்சில் பிரதமரே அடிக்கல் நாட்டினார். மாநில அரசு நிலம் தர ஒப்பவில்லை, திட்டம் நின்றது. அங்கே மணலும் கடலும் இருக்கும் இருப்பில் நிற்பதே நல்லது என்பது என் கட்சி, அது வேறு விஷயம்.

*இது எப்போது சரி:* நிலத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே ரயில்வேயிடம் இருந்து, பாதை குறுகியதாக இருந்து, தொகுதி எம்.பி. விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறவராக இருந்தால்.

## வழி 2: மாநிலம் பாதி, ரயில்வே பாதி

கர்நாடகா இதைப் பழக்கமாகவே வைத்திருக்கிறது. துமகூரு–தாவணகெரே போன்ற பாதைகளில் செலவில் பாதியும் ஏற்று, நிலத்தையும் இலவசமாகக் கொடுக்கிறது. "அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியவில்லை" என்று கேட்கிறவர்கள் சொல்வது இதைத்தான்.

கேட்க நன்றாக இருக்கிறது. மாநிலமும் பணம் போட்டால் ஆட்சியரிலிருந்து வருவாய் ஆய்வாளர் வரை எல்லோருக்கும் அது தங்கள் வேலையாகிவிடும், நிலம் எடுப்பது வேகமாகும். ஆனால் மகாராஷ்டிராவையும் பாருங்கள். அகமதுநகர்–பீட்–பரளி, 261 கி.மீ., 1995-இல் ஒப்புதல், பிறகு ஆளுக்குப் பாதி என்று ஒப்பந்தம். பீட் ஊருக்கு முதல் ரயில் வந்தது 2025 செப்டம்பரில். முப்பது வருஷம். இரண்டு பேர் பணம் போட்டால் இரண்டு மடங்கு வேகம் என்பது காகிதக் கணக்கு. நடைமுறையில், ஒருவர் பை காலியானாலும் வேலை நின்றுவிடும், நின்ற பிறகு யார் முதலில் அடுத்த தவணையைப் போடுவது என்று கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள். மத்தியில் ஒரு கட்சி, மாநிலத்தில் ஒரு கட்சி என்றால் கடிதங்கள் நீளும், பத்திரிகைக்கும் நகல் போகும்.

சென்னைக்காரர்களுக்குப் பறக்கும் ரயில் நினைவுக்கு வரும். அதன் பிற்பகுதி வேலைகளில் மாநிலத்தின் பங்கு 67 சதவீதம், ரயில்வேயின் பங்கு 33. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வெறும் ஐந்து கி.மீ., வேலை ஆரம்பித்தது 2008, அரைக் கிலோமீட்டர் நில வழக்கு அதை வருஷக் கணக்கில் கட்டிப்போட்டது. பணம் தயாராக இருந்தாலும் நிலம் பிடித்து நிறுத்திவிடும்.

மறைந்திருக்கும் விலை இன்னொன்றும் உண்டு. ரயில்வே மத்திய அரசின் துறை, அதற்கு மாநிலம் ஏன் பணம் தர வேண்டும் என்ற வாதம் தமிழ்நாட்டில் பலமானது, நியாயமும் இருக்கிறது. ஒரு பாதைக்குக் கொடுத்தால் அடுத்த பாதைக்கும் கொடு என்பார்கள். உங்கள் முப்பது கிலோமீட்டருக்காக மாநிலம் தன் மொத்த நிலைப்பாட்டையும் மாற்றிக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

*எப்போது சரி:* புது நிலம் நிறைய எடுக்க வேண்டியிருந்து, மாநிலமே அந்தப் பாதையை விரும்பிக் கேட்டால்.

## வழி 3: சரக்குக்காரர்களோடு கூட்டு நிறுவனம்

இதற்குப் பாடமாகப் படிக்க வேண்டியது ஹாசன்–மங்களூர். மேற்குத் தொடர்ச்சி மலை வழியே போகும் மீட்டர்கேஜ் பாதையை 1996-இல் மூடினார்கள். அகலப்படுத்தப் பணம் இல்லை. ரயில்வேயும் கர்நாடக அரசும் சேர்ந்து தனி நிறுவனம் தொடங்கி, இரும்புத்தாது ஏற்றுமதி செய்யும் தனியார் நிறுவனத்தையும் முதலீட்டில் சேர்த்தார்கள். பாதை வந்தது. 2006 மே மாதம் சரக்கு ரயில் ஓடத் தொடங்கியது.

பயணிகள் ரயில்? 2007 டிசம்பர்.

ஒன்றரை வருஷம் மக்கள் தங்கள் ஊர் வழியாகத் தாது போவதை நின்று வேடிக்கை பார்த்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, பணம் போட்டவருக்கு வட்டி ஓடுகிறது, முதலில் அவர் வண்டிதான் போகும். அதற்குப் பிறகு 2010-இல் கர்நாடகா இரும்புத்தாது ஏற்றுமதிக்குத் தடை போட்டது. எந்தச் சரக்கை நம்பி நிறுவனம் தொடங்கினார்களோ அந்தச் சரக்கே போய்விட்டது. நல்லவேளையாகப் பாதை இருந்தது, பெங்களூர்–மங்களூர் பயணிகள் இருந்தார்கள்.

சரக்கு இல்லாமல், பயணிகளை நம்பியே தனியார் முதல் போடுவார்களா? ஸ்காட்லாந்தில் முயன்று பார்த்தார்கள். 1969-இல் மூடிய பாதையில் எடின்பரோவிலிருந்து ட்வீட்பேங்க் வரை சுமார் 48 கி.மீ.க்குத் தனியார் குழுக்களிடம் ஏலம் கேட்டார்கள். ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். கடைசியில் பொது நிறுவனமே கட்டி 2015-இல் திறந்தது, சுமார் 29 கோடி பவுண்டு. பயணிகள் எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்தார்கள், ஆனால் செலவை இறுக்கிப் பெரும்பகுதி ஒற்றைப் பாதையாகவே போட்டிருந்ததால் கூடுதல் வண்டி விட இடமில்லாமல் திணறல். இங்கேயும் அந்த வகைச் சிக்கனம் உண்டு. கிளைப்பாதைகளில் 'ஒரு நேரத்தில் ஒரே வண்டி' என்ற முறை, சிக்னல் செலவு மிச்சம், நடுவில் கிராஸிங் ஸ்டேஷன் வேண்டாம். ஆனால் போன வண்டி திரும்பி வரும் வரை அடுத்தது கிளம்ப முடியாது.

சரி, காரைக்கால் துறைமுகம்? நிலக்கரி போகிறது, உண்மைதான். ஆனால் நாகூர்–காரைக்கால் பாதை 2011-இலேயே வந்துவிட்டது. பேரளம்–காரைக்கால் 23 கி.மீ. பாதையையும் மறுபடி போட்டு 2025-இல் சோதனை ஓட்டம் விட்டார்கள். பேரளம் வழியாக மயிலாடுதுறைக்கே போய்விடலாம். அந்த நிலக்கரிக்குத் தரங்கம்பாடி எதற்கு?

*எப்போது சரி:* ஒரே சரக்கை நம்பாமல் இரண்டு மூன்று வகைச் சரக்கு இருந்து, பயணிகள் வண்டிக்கான நேரத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க முடிந்தால்.

## வழி 4: வெளிநாட்டுக் கடன்

யாழ்ப்பாணப் பாதை இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம். 1990-இல் கொழும்பு–யாழ்ப்பாணம் வண்டியான யாழ்தேவி நின்றது. போரில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குள் போயின. போர் முடிந்த பிறகு இந்தியக் கடனில் இந்திய அரசு நிறுவனமான இர்கான் ஓமந்தைக்கு வடக்கே முழுப் பாதையையும் புதிதாகப் போட்டது. 2013 செப்டம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, 2014 அக்டோபர் 13-இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. போடியோடு ஒப்பிட்டால் இதெல்லாம் மின்னல். மொத்தப் பணமும் கையில், ஒப்பந்ததாரர் ஒருவர், பாதை ஒன்று, அதனால் வந்த வேகம்.

விலை என்ன? கடன் கொடுத்த நாட்டின் நிறுவனத்தையே வேலைக்கு எடுக்க வேண்டும், பேரம் பேச இடமில்லை. டாலரில் வாங்கிய கடனை ரூபாய் டிக்கெட்டில் திருப்ப முடியாது, அது நாட்டின் கணக்கில் போய் உட்காரும். 2022-இல் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றதற்கு இந்தப் பாதையைக் காரணம் சொல்வது அபத்தம், ஆனால் அந்த மூட்டையில் இதுவும் ஒரு கட்டு. பாதுகாப்பற்ற கடவைகளில் ஆண்டுக்கணக்கில் நடந்த விபத்துகள் இன்னொரு விலை. பாதை புதிது, வேகம் புதிது, கேட்டுக்கு மட்டும் காசில்லை. திருவாரூர் நினைவுக்கு வருகிறதா? வடக்கே பளபளவென்று புதுப்பாதை போட்டாலும் மாகோ முதல் ஓமந்தை வரை பழைய பாதையாகவே இருந்தது, அதைச் சரிசெய்ய 2023-இல் அனுராதபுரம்–ஓமந்தைப் பகுதியை ஆறு மாதம் போல மூட வேண்டியிருந்தது, அதுவும் இந்தியக் கடனில்.

முப்பது கி.மீ. கிளைப்பாதைக்கு வெளிநாட்டுக் கடன் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த வழிக்குப் போங்கள். *எப்போது சரி:* நாட்டின் ஒரு பகுதியையே மறுபடி இணைக்கும் முதுகெலும்புப் பாதைக்கு.

## வழி 5: பஸ்ஸே போதும்

ரயில் பிரியர்கள் இதைத் துரோகம் போலப் பார்ப்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மயிலாடுதுறை ஜங்ஷன் பஸ் நிலையத்திலிருந்து தள்ளி இருக்கிறது, ரயிலில் இறங்கியவர் ஆட்டோ பிடிக்க வேண்டும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பத்து ரூபாய் ரயில்கூட இலவசத்தோடு போட்டி போட முடியாது. செம்பனார்கோவிலிலிருந்து மயிலாடுதுறைக்குச் சாமான் வாங்கப் போகிற அம்மா ஒருநாளும் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் ரயிலுக்குக் காத்திருக்க மாட்டார்.

பஸ்ஸால் முடியாதது நீண்ட தூரமும் ஒரே நேரத்தில் வரும் பெருங்கூட்டமும். அது எங்கே இருக்கிறது என்று காட்ட முடியாவிட்டால், கூடுதலாகப் பத்துப் பஸ் கேட்பதே நேர்மையான மனு.

## ஒரே பார்வையில்

| | ரயில்வே பணம் | மாநிலத்தோடு பாதி | கூட்டு நிறுவனம் | வெளிநாட்டுக் கடன் | பஸ் |
|---|---|---|---|---|---|
| தினச் செலவு யாருக்கு | ரயில்வே | பெரும்பாலும் ரயில்வே, தகராறு வரலாம் | நிறுவனமும் ரயில்வேயும் | அந்நாட்டு ரயில் துறை | போக்குவரத்துக் கழகம் |
| வேகம் | மெதுவு | சொல்ல முடியாது | சரக்கு இருந்தால் வேகம் | மிக வேகம் | அடுத்த மாதமே |
| நிலம் | பழைய நிலம் இருந்தால் எளிது | மாநிலம் எடுத்துத் தரும் | யாராவது தந்தாக வேண்டும் | அரசு தரும் | வேண்டாம் |
| பணம் நின்றால் | பாதியில் கிடக்கும் | இருவரும் நிறுத்துவர் | நிறுவனம் தள்ளாடும் | நாட்டின் கடன் | பஸ் குறையும் |
| யாருக்கு முதலிடம் | பயணி | பயணி | சரக்கு | பயணி | பயணி |
| பார்க்க | போடி, அகஸ்தியம்பள்ளி | பீட் | ஹாசன்–மங்களூர் | யாழ்ப்பாணம் | உங்கள் ஊர் பஸ் நிலையம் |

## தரங்கம்பாடிக்கு நான் சொல்வது

மூன்றாவதும் நான்காவதும் இங்கே பொருந்தாது. முதல் வழியை எடுத்துக்கொண்டு, இரண்டாவதிலிருந்து ஒரு துண்டை மட்டும் கடன் வாங்க வேண்டும். மாநிலத்திடம் பாதிப் பணம் கேட்டால் கொள்கைச் சண்டையாகிவிடும். ஆனால் சாலை மேம்பாலங்களுக்கு மாநிலமும் ரயில்வேயும் செலவைப் பகிர்வது ஏற்கெனவே இருக்கும் வழக்கம், புதிதாக எந்த நிலைப்பாட்டையும் மாற்ற வேண்டியதில்லை. அதோடு பழைய ரயில் நிலத்தை அளந்து, அதில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு மாற்று இடம் கொடுத்து, காலி செய்து ஒப்படைக்கும் வேலை மாநிலத்தினுடையது. நாற்பது வருஷம் கேட்பாரில்லாமல் கிடந்த நிலம் காலியாக இருக்காது, அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் வேறு போக்கிடம் இல்லாதவர்கள். அவர்களுக்கு வழி செய்யாமல் மனு எழுதினால் அடுத்த பத்து வருஷம் நீதிமன்றத்தில் போகும்.

கேட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆள் போடும் செலவைத் தவிர்க்க எல்லா இடத்திலும் சுரங்கப்பாதை தோண்டலாம் என்பார்கள். டெல்டாவில் மண்வெட்டியை வைத்தாலே தண்ணீர், ஐப்பசி கார்த்திகையில் சுரங்கப்பாதைகள் குளமாகிவிடும், டிராக்டர் எங்கே போகும்? சில இடங்களில் கேட்தான் வேண்டும், சம்பளத்தோடு.

இனி வண்டி. வெறும் மயிலாடுதுறை ஷட்டில் என்று கேட்டால் இந்தப் பாதை திறந்தாலும் நிலைக்காது. அகஸ்தியம்பள்ளியில் திறந்தபோது ஒரு டெமு வண்டி (தனி இன்ஜின் இல்லாத டீசல் பயணிகள் வண்டி), அதுவும் சனி ஞாயிறு கிடையாது. இங்கே உண்மையான கூட்டம் திருக்கடையூரில் இருக்கிறது. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இருபது முப்பது பேராகக் குடும்பத்தோடு வருகிறார்கள், சடங்கு காலையில், அதனால் முந்தின ராத்திரியே வேன் பிடித்துக் கிளம்புகிறார்கள். அந்த வேன்தான் நம் ரயிலின் பயணி. சென்னையில் ராத்திரி கிளம்பி விடியற்காலை ஐந்து ஐந்தரைக்குத் திருக்கடையூரில் நின்று பொறையார், தரங்கம்பாடி போய் முடிகிற வண்டி, அன்றிரவே திரும்ப வேண்டும். பகலில் அந்தப் பெட்டிகள் சும்மா நிற்கும் நேரத்தில் மன்னம்பந்தல் கல்லூரிக்கும் பொறையார் கல்லூரிக்கும் காலை எட்டரைக்குள் ஒரு நடை, மாலை நாலரைக்கு மேல் ஒரு நடை, இதற்கு ஒரு டெமு போதும். தரங்கம்பாடியில் பெட்டி நிறுத்தவும் தண்ணீர் நிரப்பவும் இடம் வேண்டும், அதை டிபிஆரிலேயே எழுத வைக்க வேண்டும், பாதை போட்ட பிறகு கேட்டால் இன்னொரு திட்டம், இன்னொரு பத்து வருஷம்.

கட்டம் கட்டமாகத் திறக்கலாமா என்று கேட்பீர்கள். தேனி வரை ஒரு வருஷம் முன்பே திறந்தது அந்த ஊருக்கு நல்லதாகத்தான் இருந்தது. இங்கேயும் திருக்கடையூர் வரை முதலில் திறக்கலாம், ஒரே நிபந்தனை, தரங்கம்பாடி வரைக்குமான நிலத்தையும் அதே சமயம் ஒப்படைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி ஏழெட்டுக் கிலோமீட்டர் பிங்க் புக்கில் ஆயிரம் ரூபாயோடு உட்கார்ந்திருக்கும்.

ஆக, மனுவின் முதல் பக்கத்தில் பாதையின் வரலாறு வேண்டாம், டேனிஷ் கோட்டையும் வேண்டாம், அதெல்லாம் அதிகாரிக்குத் தெரியும். முதல் பக்கத்தில் கால அட்டவணை. இரண்டாவது பக்கத்தில் பழைய பாதையை எத்தனை சாலைகள் குறுக்கிடுகின்றன, எதற்குக் கேட், எதற்கு மேம்பாலம், எங்கே சுரங்கப்பாதை தோண்டினால் தண்ணீர் நிற்கும் என்ற பட்டியல். அதைத் தயாரிக்க யாரிடமும் நிதி கேட்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஐந்து கிலோமீட்டர் என்று பிரித்துக்கொண்டால் ஆறு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழைக்காலத்தில் போங்கள், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும்.